கொப்புளமும் நாட்கணக்கும்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் மருந்துவழித் தோல்நோய் அறிதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தன்னுடல் தாக்குக் கொப்புள நோய்களை அறியும் முறை கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் கண்பார்வையிலிருந்து நுண்ணோக்கிக்கும், நுண்ணோக்கியிலிருந்து எதிர்ப்பொருள் ஆய்வுக்கும் வளர்ந்துள்ளது. எனினும், நோயைத் தூண்டிய மருந்து எது என்னும் வினாவிற்கு ஆய்வகம் உறுதியான விடை தருவதில்லை. மருந்து தொடங்கிய நாளுக்கும் கொப்புளம் எழுந்த நாளுக்கும் உள்ள தொலைவே முதன்மைச் சான்றாகிறது. பாலாற்றுப் பகுதியில் தொழுநோய்ப் பணி அத்தகைய நாட்கணக்கிற்கு இடமளித்ததையும், தோல் தொழிலாளர் நலம் குறித்த சட்டமும் பதிவும் அதற்கு இடமளிக்காததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொப்புள நோய், பெம்பிகஸ், டாப்சோன், குரோமியம், கரிகிரி, ஆம்பூர், தொழில்நோய்.

முன்னுரை

மனித உடலைப் போர்த்தியிருப்பதற்கும் ஆடுமாடுகளிலிருந்து உரித்துப் பதனிடுவதற்கும் தமிழில் தோல் என்னும் ஒரே சொல்லே வழங்குகிறது. பாலாற்றங்கரை ஊர்களில் இவ்விரு பொருளும் ஒரே நாளில், ஒரே வீட்டில் பேசப்படுவன. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் பதனிடும் ஆலை தோல் ஷாப்பு எனப்படும். அங்கு வேலை செய்வோர் கையில் கொப்புளமோ அரிப்போ கண்டால் நாடிச் செல்லும் பெரிய மருத்துவமனைகளும் அதே ஆற்றங்கரையில்தான் உள்ளன. ராணிப்பேட்டையில் 1866இல் ஸ்கடர் குடும்பத்தினர் மருத்துவமனை தொடங்கினர். வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவகம் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது.

தோல் தொழிலும் தோல் மருத்துவமும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த வட்டாரங்கள் சிலவே. ஆயினும் இவ்வட்டாரத்தைப் பற்றிய எழுத்துகள் இரண்டு தனி ஓடைகளாகவே ஓடுகின்றன. ஒன்று தொழுநோய் வரலாறு. மற்றொன்று பாலாற்று மாசு வரலாறு. மருந்தாலோ வேதிப்பொருளாலோ தூண்டப்படும் கொப்புள நோய் இவ்விரண்டிற்கும் நடுவே விழுந்துவிடுகிறது. அந்நோய் அரிதானது என்பது உண்மை. ஆனால் ஒரு நோயின் காரணத்தை மருத்துவம் எவ்வாறு கண்டறிகிறது, எங்கே தவறவிடுகிறது என்பதை இந்த அரிய நோய் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது.

தோல் பிரியும் இடம்

பதனிடும் தொழிலாளி தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு ஊறவைப்பது மயிரையும் மேல்தோலையும் நீக்குவதற்காகவே. மேல்தோல் கழிந்தபின் எஞ்சும் உள்தோலே செருப்பாகவும் பையாகவும் மாறுகிறது. மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே ஓர் எல்லை உண்டு என்பதும், அதனைப் பிரிக்க இயலும் என்பதும் மருத்துவ நூல்கள் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே பதனிடுவோர் அறிந்த செய்தி.

கொப்புள நோய்களை வகைப்படுத்துவதும் இதே வினாவில்தான் தொடங்குகிறது: தோல் எந்த இடத்தில் பிரிகிறது? மேல்தோலின் உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்ந்து, மேல்தோலுக்குள்ளேயே பிளவு ஏற்படுமாயின் அது பெம்பிகஸ். இக்கொப்புளம் தொளதொளவென்றிருக்கும், எளிதில் உடையும், பலருக்கு வாய்ப்புண்ணாகவே தொடங்கும். பிளவு மேல்தோலுக்கு அடியில், பதனிடுவோர் பிரிக்கும் அதே எல்லையை ஒட்டி நிகழுமாயின் அது பெம்பிகாய்டு வகையைச் சேர்ந்தது. இக்கொப்புளம் விறைப்பாக நிற்கும். பெரும்பாலும் முதியோரைத் தாக்கும். இரண்டிலும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலின் புரதங்களையே பகையெனக் கொண்டு தாக்குகிறது.

இந்த வேறுபாடு புலப்பட நெடுங்காலம் ஆயிற்று. பெம்பிகஸ் என்னும் பெயர் ஒருகாலத்தில் ஏறத்தாழ எல்லாக் கொப்புளங்களுக்கும் பொதுவாக வழங்கியது. உயிரணுக்களின் பிடி தளர்வதை 1881இல் ஆஸ்பிட்ஸ் விவரித்தார். நலமாகத் தோன்றும் தோலை விரலால் அழுத்தித் தேய்க்க மேல்தோல் நழுவும் குறியை 1890களில் நிக்கோல்ஸ்கி எடுத்துரைத்தார். கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்க்கும் எளிய முறையைத் ட்சாங்க் 1940களில் பரப்பினார். ஆய்வக வசதி குறைந்த இடங்களில் அது இன்றும் முதல் சோதனையாகவே உள்ளது. பெம்பிகாய்டைப் பெம்பிகஸிலிருந்து நுண்ணோக்கிச் சான்றுடன் தனிநோயாகப் பிரித்து நிறுவியவர் வால்ட்டர் லீவர், ஆண்டு 1953. ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன் பெம்பிகஸ் கண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் இறந்தனர். பெம்பிகாய்டு அத்துணைக் கொடியதன்று. எனவே இப்பிரிவினை நோயாளியின் ஆயுளைப் பற்றிய கணிப்பாகவும் இருந்தது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் பியூட்னரும் ஜோர்டனும் 1964இல் பெம்பிகஸ் நோயாளியின் இரத்த நீரில் தோலைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதை ஒளிரும் சாயத்தால் காட்டினர். நோயறிதலின் திருப்புமுனை அதுவே. இம்யூனோஃபுளோரசன்ஸ் எனப்படும் இச்சோதனையில் பெம்பிகஸ் மேல்தோல் முழுதும் மீன்வலை விரித்தாற்போல ஒளிரும். பெம்பிகாய்டு எல்லைக்கோட்டில் ஒற்றை வரியாக ஒளிரும். இதற்கான தோல் துண்டைக் கொப்புளத்திலிருந்து எடுக்கலாகாது; அதனை அடுத்துள்ள, உடையாத தோலிலிருந்து எடுத்தல் வேண்டும். சாதாரண திசு ஆய்வுக்குரிய ஃபார்மலினில் இட்டாலும் சோதனை பழுதாகும். சிற்றூர் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும் துண்டு தவறான நீர்மத்தில் வந்து சேர்ந்தால் நோயாளி மீண்டும் ஒருமுறை ஊசியையும் கத்தியையும் தாங்க நேரிடும்.

பின்னர் வந்த முறைகள் இதனை மேலும் நுணுக்கமாக்கின. தோல் துண்டை உப்புநீரில் ஊறவைத்து எல்லையைப் பிளந்து, எதிர்ப்பொருள் கூரையில் ஒளிர்கிறதா தரையில் ஒளிர்கிறதா எனப் பார்ப்பது ஒரு முறை. உரித்த தோலை உப்பிட்டுக் காக்கும் ஊர்களில் ஆய்வகமும் தோலைப் பிரிக்க உப்பையே நாடுவது வியப்பிற்குரிய ஒற்றுமைதான். 1991இல் அமகாயும் உடன் ஆய்ந்தோரும் பெம்பிகஸ் தாக்கும் புரதம் டெஸ்மோகிளீன் 3 என்று மரபணு வழியே நிறுவினர். அதன்பின் எலைசா முறையில் எதிர்ப்பொருளின் அளவையே எண்ணாகக் கூற முடிந்தது.

ஆய்வகம் சொல்லாதது

ஆய்வகம் இவ்வளவும் சொல்லும். தோல் எங்கே பிரிந்தது, எந்தப் புரதம் தாக்கப்பட்டது, எதிர்ப்பொருள் எவ்வளவு என்று சொல்லும். தாக்குதல் ஏன் தொடங்கியது என்று மட்டும் சொல்லாது.

வில்சன் நோய்க்குப் பெனிசிலமைன் உண்டவருக்குப் பெம்பிகஸ் வந்ததைப் பிரான்சில் டெகோஸும் உடன் ஆய்ந்தோரும் 1969இல் பதிவு செய்தனர். மருந்துவழிப் பெம்பிகஸ் தனிப்பொருளாகப் பேசப்படுவது அதன்பிறகே. கந்தகமும் ஐதரசனும் இணைந்த தையோல் தொகுதி கொண்ட மருந்துகள் முதலில் ஐயத்திற்குள்ளாயின. இரத்த அழுத்தத்திற்குரிய கேப்டோப்ரில் அவற்றுள் ஒன்று. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினால் வந்த பெம்பிகஸ் 1976இல் பதிவாயிற்று. வான்கோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியால் ஐஜிஏ வகைக் கொப்புள நோய் எழுவது 1988இல் அறியப்பட்டது. அண்மைக் காலத்தில் நீரிழிவிற்குத் தரப்படும் கிளிப்டின் வகை மருந்துகளுக்கும் பெம்பிகாய்டுக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளின் மருத்துவப் பதிவேடுகள்வழி உறுதிப்பட்டது.

மருந்தால் வந்த பெம்பிகஸிலும் தானே வந்த பெம்பிகஸிலும் காணப்படும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே. ஒளிரும் வலையும் ஒன்றே. ஆனால் நோயாளிக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. மருந்தை நிறுத்தினால் ஒரு பகுதியினர்க்கு நோய் அடங்கிவிடும். நிறுத்தாவிடில் ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றல் ஒடுக்கும் மருந்துகளும் ஆண்டுக்கணக்கில் தொடரும். இந்தியாவில் பெம்பிகஸ் சிகிச்சையின் போக்கை மாற்றிய டெக்சாமெத்தசோன் – சைக்ளோஃபாஸ்ஃபமைடு துடிப்பு முறையை தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பஸ்ரிச்சா 1980களில் வகுத்தார். அது பல உயிர்களைக் காத்தது. எனினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கருவளத்தைப் பாதிக்கக்கூடியது. நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு மாத்திரையை நிறுத்தாமல் இத்தகைய சிகிச்சையைத் தொடங்குவது எத்துணைப் பெரிய பிழை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஐயத்திற்குரிய மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்ப்பது சான்றுகளுள் வலுவானது. கொப்புள நோயில் அது ஆபத்தானது. ஆகவே எஞ்சுவது நாட்கணக்கு. இதனை முறையாகச் செய்து காட்டிய களம் தொழுநோய் மருத்துவமே.

ஐந்தாம் வாரம்

ராபர்ட் காக்ரேன் 1940களில் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் சல்ஃபோன் மருந்துகளைச் சோதித்தார். அதே பத்தாண்டில் வேலூர்க் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். விலை மலிந்த டாப்சோன் அவ்வழியே தென்னிந்தியத் தொழுநோய்ப் பணியின் அடிப்படை மருந்தாயிற்று. கரிகிரி நிலையம் தொடங்கியபின் குடியாத்தம் வட்டம் அதன் களமாயிற்று. பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று உடலைப் பார்த்து, பெயரெழுதி, அட்டை தந்து, மாத்திரை வழங்கினர். இவ்வட்டத்தின் நோய்ப்பரவல் ஆய்வுகள் உலகத் தொழுநோய் இதழ்களில் இடம்பெற்றன.

தொழுநோய் மருந்தின் ஒவ்வாமை அறியப்பட்ட விதத்தைக் காண நைஜீரியாவிற்குச் செல்ல வேண்டும். அங்குத் தொழுநோய்க் குடியிருப்பில் பணியாற்றிய லோவும் ஸ்மித்தும் 1949இல் டாப்சோன் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், நெறிகட்டுதல், கல்லீரல் வீக்கம், தோல் தடிப்பு ஆகியன ஒருசேர எழுவதைக் குறித்தனர். 1951இல் ஆல்டேயும் பார்ன்ஸும் இதற்கு டாப்சோன் நோய்த்தொகுதி எனப் பெயரிட்டனர். ஐந்தாம் வாரத் தோல் அழற்சி என்றும் இது வழங்கிற்று. ஒரு நோய்க்கு வாரத்தின் பெயர் அமைந்தது தற்செயலன்று. தொழுநோய்க் குடியிருப்பில் அனைவரும் ஒரே மருந்தை, பதிவேட்டில் எழுதப்பட்ட நாளில் தொடங்கினர். ஐந்தாம் வாரம் கண்ணுக்குத் தெரிந்ததற்கு அதுவே காரணம். இந்நோய்த்தொகுதிக்கு ஆட்படுவோரிடம் எச்எல்ஏ-பி 13:01 என்னும் மரபுக்கூறு மிகுந்திருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தனர். நாட்கணக்கு முன்னரே சுட்டிய தொடர்பிற்கு மரபணு விளக்கம் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

டாப்சோன் நோய்த்தொகுதி தன்னுடல் தாக்குக் கொப்புள நோய் அன்று, இரண்டையும் குழப்பலாகாது. ஆனால் டாப்சோனின் வரலாற்றில் மற்றொரு முகமும் உண்டு. சல்ஃபாபிரிடின் என்னும் மருந்து டெர்மடைட்டிஸ் ஹெர்பட்டிஃபார்மிஸ் என்ற கொப்புள நோயின் அரிப்பை அடக்குவதை 1940இல் காஸ்டெல்லோ கண்டார். அடுத்த பத்தாண்டில் அதன் இடத்தை டாப்சோன் பிடித்தது. பின்னர்த் தனிநோயாகப் பிரிக்கப்பட்ட ஐஜிஏ வகைக் கொப்புள நோய்க்கும் அதுவே மருந்து. கரிகிரியில் நுண்ணுயிரை ஒடுக்க வழங்கப்பட்ட மாத்திரை, மற்றொரு நோயாளிக்குக் கொப்புளத்தை அடக்கும் மாத்திரை. மூன்றாமவர்க்கு ஐந்தாம் வாரத்தில் உயிருக்கே ஊறு செய்யும் மாத்திரை.

உலக நல நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த கூட்டுமருந்து முறையில் டாப்சோனுடன் ரிஃபாம்பிசினும் குளோஃபசிமினும் சேர்ந்தன. தொழுநோய் ஒடுங்க இதுவே வழிவகுத்தது, ஐயமில்லை. நாட்கணக்கு மட்டும் சிக்கலாயிற்று. ஒரே நாளில் மூன்று மருந்துகள் தொடங்கியபின் எதன் நாளை எண்ணுவது? தொழுநோயின் எதிர்வினைகளுள் ஒன்றான எரித்திமா நோடோசம் லெப்ரோசமும் அரிதாகக் கொப்புளமாக எழும். அதனை மருந்தின் பிழையாகக் கொண்டால் தேவையான மருந்து நிற்கும். பெம்பிகஸுக்கு ஸ்டீராய்டு உண்பவர்க்குக் காசநோய் தலைகாட்டி ரிஃபாம்பிசின் சேர்க்கப்படின், அது கல்லீரலைத் தூண்டி ஸ்டீராய்டை விரைந்து கழிக்கும். அப்போது மீண்டும் எழும் கொப்புளம் ரிஃபாம்பிசின் தூண்டியதா, ஸ்டீராய்டு குறைந்ததால் வந்ததா என்பதைத் தோல் துண்டு சொல்லாது.

தோல் ஷாப்பின் கொப்புளம்

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது இவ்வட்டாரத்தின் பழைய முறை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் சோதனைகளை நடத்தினார். பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் ஆலை குரோம்பேட்டைக்குப் பெயராயிற்று. பாலாற்றங்கரையில் குரோமியம் பெருகியது பின்னரே. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டிப் பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவது கட்டுப்படுத்தப்பட்டது. முழுமையாக்கிய தோலும் செருப்பும் ஏற்றுமதிக்கு உரியனவாயின. அதனுடன் குரோமிய உப்பு, சாயம், பூச்சுப் பொருள், பசை ஆகியவை தொழிலாளர் கைகளுக்கு வந்து சேர்ந்தன.

குரோமியம் இருவகையில் தோலைத் தாக்குகிறது. ஆறிணைதிற குரோமியம் துளையிட்டாற்போன்ற புண்ணை உண்டாக்கும். சிறு அளவிலும் ஒவ்வாமை அழற்சியை எழுப்பும். அதில் சிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றும். பொட்டாசியம் டைகுரோமேட்டை முதுகில் ஒட்டி இரு நாள் கழித்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை இதனைக் காட்டும். இது தன்னுடல் தாக்குதல் அன்று. ஆம்பூர்த் தொழிலாளி ஒருவரின் கையில் கொப்புளம் கண்டால் மருத்துவர் மனத்தில் முதலில் எழுவது இந்நோயே; பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இருப்பதே இடர்ப்பாட்டிற்கும் காரணமாகிறது. பெம்பிகஸ் தொடங்கும் ஒருவரும் குரோம் அழற்சி என்ற பெயரில் களிம்புடன் திரும்ப நேரும். வாய்க்குள் புண் உண்டா என்று கேட்பது இங்குப் பயன்தரும். குரோம் அழற்சி பொதுவாக வாய்க்குள் செல்வதில்லை.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. பல்கேரிய மருத்துவர்கள் 1990இல் பதனிடும் குரோமிய உப்பைத் தொழிலில் தொட்டவர்க்குப் பெம்பிகஸ் எழுந்ததைப் பதிவு செய்தனர். தொடுவழிப் பெம்பிகஸ் என்னும் இவ்வகை மிக அரிது. ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ அதனை நேராகப் பொருத்திக் கூறுவது மிகையாகும். எனினும் மருந்தை மட்டுமன்றித் தொழிலையும் கேட்க வேண்டும் என்பதற்கு அது போதிய காரணம். தொழிலாளரிடம் என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்குமாறு மருத்துவர்களுக்கு 1700ஆம் ஆண்டிலேயே ரமாசினி அறிவுறுத்தினார். அவ்வினாவும் மேலோட்டமாக நின்றால் ஏமாற்றும். 1939இல் அமெரிக்கத் தோல் ஆலை ஒன்றில் தொழிலாளர் கைகளில் வெண்புள்ளிகள் தோன்றின. காரணம் பதனிடும் வேதிப்பொருள் அன்று. கையைக் காக்க அணிந்த ரப்பர் உறையில் கலந்திருந்த பொருள். தோல் ஷாப்பு என்ற விடையோடு நின்றிருந்தால் அது புலப்பட்டிராது.

காரணத்தின் பெயர் மாறினால் உரிமையும் மாறும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்ட அட்டவணையில் குரோம் புண் அறிவிக்கத்தக்க தொழில்நோயாக இருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் குரோமியச் சேர்மங்களால் வரும் நோய்களும் இடம்பெற்றன. பெம்பிகஸ் என்ற பெயர் அவற்றில் இடம்பெறவில்லை. தன்னுடலே தன்னைத் தாக்கியது என்று எழுதப்பட்டவுடன், தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவும் சுமை பெரும்பாலும் தொழிலாளியின் தோளில் விழுகிறது. வீட்டிலிருந்தே செருப்பின் மேற்பகுதியைத் தைக்கும் ஆம்பூர்ப் பெண்களுக்கு இந்த அட்டவணைகளின் நிழலும் எட்டுவது அரிது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று அளித்த தீர்ப்பு மாசுபடுத்துவோரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. அத்தீர்ப்பின் வழியமைந்த ஆணையம் கணக்கிட்ட இழப்பு பெரும்பாலும் விளைநிலத்தின் இழப்பு. தொழிலாளரின் தோல் அக்கணக்கில் தனித்தலைப்பாகவில்லை.

அட்டையில்லாத மருந்துகள்

குடியாத்தத்தின் தொழுநோய் அட்டை ஒரு மருந்துக்கு உரியது. ஐந்து வாரத்தை அது எளிதில் தாங்கும். இன்றைய ஐயத்திற்குரிய மருந்துகள் அவ்வளவு விரைந்து தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. பெனிசிலமைன் உண்டவர்க்குப் பல மாதங்கள் கழித்துப் பெம்பிகஸ் வரும். கிளிப்டின் உண்டவர்க்கு மாதங்கள், சிலபோது ஆண்டுகள் கழித்துப் பெம்பிகாய்டு வரும். அவற்றுள் ஒன்றான வில்டாகிளிப்டினின் காப்புரிமை இந்தியாவில் 2019 இறுதியில் முடிவுற்றது. பல நிறுவனங்கள் பல பெயர்களில் அதனை மலிவாக விற்கத் தொடங்கின. நீரிழிவு உடைய முதிய தொழிலாளிக்கு அது நன்மையே. ஆனால் மாத்திரைப் பட்டையின் பெயர் மாறும்போதெல்லாம் மருந்தே மாறியதாக அவர் எண்ணுவார். வெறும் பட்டையைக் கடையில் காட்டி வாங்குவோர்க்குத் தொடங்கிய நாள் நினைவில் இருப்பதில்லை. மூட்டுவலிக்கு ஊரில் உண்ட சூரணமும், உடல்வலிக்குக் கேட்டு வாங்கிய மாத்திரையும் மருந்து என்ற சொல்லுக்குள் அவர் கணக்கில் வருவதுமில்லை. எனவே, என்ன மருந்து உண்கிறீர் என்னும் ஒற்றை வினா போதாது. வீட்டிலுள்ள பட்டைகள் அனைத்தையும் கொண்டுவரச் சொல்வதே பயன்தரும் முறை.

மருந்துகளின் தீய விளைவுகளைத் திரட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கப்பெற்றது. அதன் அறிவிப்புப் படிவத்தில் ஐயத்திற்குரிய ஒவ்வொரு மருந்துக்கும் தொடங்கிய நாள், நிறுத்திய நாள் என இரு கட்டங்கள் உள்ளன. மூலிகை மருந்துக்கும் தானே வாங்கியுண்டதற்கும் இடமுண்டு. ஒவ்வாமை, கருவுற்றிருத்தல், புகைத்தல், மது, கல்லீரல் – சிறுநீரகப் பழுது ஆகியனவும் கேட்கப்படுகின்றன. தொழில் என்ன, கையால் தொடுவது என்ன, எந்நாளிலிருந்து என்பவற்றிற்கு அதில் தனிக் கட்டம் இல்லை.